"உங்க ஏரியால சர்வீஸ் இல்லீங்க"ன்னு வந்தா உடனே நம்பிறாதீங்க: புதுசா வீட்டுக்கு நெட்டு போடறவங்களுக்கு

கோயில்பாளையத்துக்கு நாங்க குடி வந்த மூணாவது நாள், வெடியால ஒம்பது மணி இருக்கும், ஒரு போன். "ஏனுங்ணா, நெட்டு கனெக்‌ஷன் போட வந்திருக்கறனுங்க, கோயில்பாளையம் பஸ் ஸ்டாப்லதான் நிக்கறன், உங்க லேஅவுட் ஆர்ச் எந்தப் பக்கமுங்க?" நானும் சந்தோஷமா, அப்படியே சத்தி ரோட்டுலயே வாங்க தம்பி, பெட்ரோல் பங்க் தாண்டினதும் ஆர்ச் தெரியும்னு வழி சொல்லிட்டே இருக்கறேன், அந்தப் பையன் சித்த நேரம் கம்முனு இருந்துட்டு, "சத்தி ரோடா? நான் பொள்ளாச்சி ரோட்டுல நிக்கறனுங்ணா"ங்கறான். அவன் நின்னது கிணத்துக்கடவு தாண்டி இருக்கற கோயில்பாளையம். எங்க கோயில்பாளையத்துக்கும் அந்தக் கோயில்பாளையத்துக்கும் நடுவுல மொத்தக் கோயமுத்தூரும் இருக்குது.

அவன் மேல ஒரு தப்பும் இல்ல. ஆன்லைன்ல புக் பண்றப்ப ஊர் பேரோட நாலு எழுத்து அடிச்சதும் கீழ ஒரு லிஸ்ட் வந்துச்சு, அதுல கோயில்பாளையம் ஒண்ணுதான் இருந்துச்சு, நம்மூருதான்னு தட்டிட்டேன். நம்மூரு அவங்க லிஸ்ட்ல வேற பேர்ல இருந்திருக்குது. சர்க்கார் சாமக்குளம். பேரூராட்சி போர்டுல அந்தப் பேருதான், சுருக்கி எஸ்.எஸ்.குளம்னும் சொல்லுவாங்க, ஆனா பஸ் கண்டக்டர்ல இருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லாத்துக்கும் கோயில்பாளையம். ஒரே ஊருக்கு மூணு பேரு, ஒரே பேருக்கு ரெண்டு ஊரு. அந்தக் கனெக்‌ஷன் சரியான கோயில்பாளையத்துக்கு வந்து சேர பத்தொம்பது நாள் ஆச்சு.

அதுக்கப்பறம் ஒறம்பரை, ஆபீஸ்ல கூட இருக்கறவங்கன்னு ஒரு பத்துப் பதினஞ்சு பேருக்கு இந்த அட்ரஸ் அக்கப்போர்ல கூட நின்னிருக்கேன். ஒவ்வொருக்கா போன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதனால எழுதியே வெச்சர்றேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க

நமக்கு அது வீடு. கம்பெனிக்காரங்க கம்ப்யூட்டருக்கு அது ஒரு டேபிள்ல ஒரு வரி, அவ்வளவுதான். ஃபைபர் எப்படி வருதுன்னா, ஓஎல்டின்னு ஒரு மெஷின் ஏதாவது ஒரு ஆபீஸ்லயோ கேபிள்காரர் ரூம்லயோ இருக்கும், அதுல இருந்து கிளம்பற ஒத்த இழை ஸ்ப்ளிட்டர்ல பல இழையா பிரிஞ்சு உங்க வீதி கம்பத்துல தொங்கற ஒரு பிளாஸ்டிக் பாக்ஸுக்கு வரும், பாக்ஸுல எட்டோ பதினாறோ போர்ட் இருக்கும், ஒரு போர்ட்டுக்கு ஒரு வீடு. எந்த பாக்ஸ் எந்தெந்த வீட்டுக்குங்கற கணக்குதான் அந்த டேபிள். சர்வே எடுக்க வந்த ஆளு அன்னைக்கு எந்த போர்டைப் பார்த்தாரோ, யார்கிட்ட ஊர் பேரு கேட்டாரோ, இங்கிலீஷ்ல எந்த ஸ்பெல்லிங் வாய்ல வந்துச்சோ அதெல்லாம் அப்படியே ஏறியிருக்கும். அவர் வந்துட்டுப் போனதுக்கு அப்பறம் கட்டுன வீடு அதுல இருக்கவே இருக்காது.

அதனால "உங்க ஏரியால சர்வீஸ் இல்ல"ன்னு வந்தா அதுக்கு மூணு அர்த்தம் இருக்கலாம். நெசமாவே கேபிள் வரல, அது ஒண்ணு. கேபிள் வந்திருக்குது ஆனா பாக்ஸுல போர்ட் காலி இல்ல, அது ரெண்டு. கேபிளும் இருக்குது போர்ட்டும் இருக்குது, உங்க வீட்டு வரி மட்டும் டேபிள்ல இல்ல, இல்லாட்டி வேற பேர்ல இருக்குது, அது மூணு. கூத்து என்னன்னா மூணுக்கும் திரையில வர்ற பதில் ஒண்ணேதான். நான் பார்த்ததுல பாதிக்கு மேல மூணாவது வகைதான், அதைத் தெரியாமத்தான் சனங்க மொபைல் ஹாட்ஸ்பாட்லயே காலத்தை ஓட்டறாங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி

வீட்டுல இருக்கற காகிதத்தையெல்லாம் எடுத்து மேசை மேல பரப்புங்க. ஈபி பில்லு, வீட்டு வரி ரசீது, வாடகைன்னா அக்ரிமெண்ட், சொந்த வீடுன்னா கிரையப் பத்திரம், அப்பறம் ஆதார். நாலுலயும் அட்ரஸ் எப்படி எழுதியிருக்குதுன்னு பாருங்க, நாலும் நாலு விதமா இருக்கும், அதுக்கு நான் கேரண்டி. பத்திரத்துல எஸ்.எஃப். நம்பரும் (நிலத்தோட சர்வே நம்பர்) சைட் நம்பரும் இருக்கும், கதவு எண்ணே இருக்காது, ஏன்னா பத்திரம் போட்டப்ப அது வெறும் காடு. வரி ரசீதுல கதவு எண் இருக்கும், வீதி பேரு வேற மாதிரி இருக்கும். ஈபி பில்லுல ஓனரோட அப்பா பேருல இருக்கும்.

கோவை மாநகராட்சி எல்லைக்குள்ள இருக்கறவங்களுக்கு இன்னொரு சிக்கல். 2011-ல துடியலூர், வடவள்ளி, சரவணம்பட்டி, காளப்பட்டி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம்னு சுத்தியிருந்த ஊரெல்லாம் மாநகராட்சியில சேர்த்து 72 வார்டை 100 ஆக்குனாங்க. அந்தப் பக்கமெல்லாம் இன்னும் பழைய நம்பர், புது நம்பர்னு ரெண்டும் சுவத்துல இருக்கும். கம்பெனி டேபிள்ல எது இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டையும் குறிச்சு வெச்சுக்குங்க, பழசு ஒரு தாட்டி புதுசு ஒரு தாட்டி தேடிப் பாருங்க.

இதுல ஒண்ணை "இதுதான் என் அட்ரஸ்"னு முடிவு பண்ணி போன் நோட்ஸ்ல எழுதிக்குங்க. ஈபி பில்லுல இருக்கறதை எடுத்துக்கங்கன்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர், தனி சர்வீஸ் நம்பர், பின்னாடி ப்ரூஃப் கேட்டா காட்டவும் சுலபம். இனி ஃபாரம்ல, போன்ல, வாட்ஸப்புல எங்க கேட்டாலும் அதே வரியை காப்பி பண்ணி ஒட்டுங்க. ஒரு இடத்துல "மூணாவது வீதி", இன்னொரு இடத்துல "தேர்டு கிராஸ்"னு போட்டீங்கன்னா கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு வீடு.

பின்கோடை ரொம்ப நம்பாதீங்க

பின்கோடு போஸ்ட்மேனுக்காக 1972 ஆகஸ்ட் 15-ல கொண்டு வந்தது, தபாலைப் பிரிச்சுப் போடறதுக்கு. ஒரு டெலிவரி போஸ்ட் ஆபீஸுக்குக் கீழ எத்தனை ஊரு, எத்தனை தோட்டம் இருந்தாலும் எல்லாத்துக்கும் ஒரே எண்ணுதான். நாடு பூராவும் ஒன்றரை லட்சத்துக்கு மேல போஸ்ட் ஆபீஸ் இருக்குது, பின்கோடு பத்தொம்பதாயிரம் சொச்சம்தான், பார்த்துக்குங்க. நீங்க பின்கோடு மட்டும் போட்டு "செக்" அமுக்குனா, மேப்புல புள்ளி அந்த ஏரியாவோட நட்ட நடுவுல போய் விழும், அங்க யாரோட சோளக்காடோ இருக்கும், சோளக்காட்டுக்கு ஃபைபர் இல்லைன்னு கம்ப்யூட்டர் கரெக்டாத்தான் சொல்லுது.

மாவட்டக் குழப்பமும் இங்கதான் வருது. காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் பின்கோடெல்லாம் 638-ல ஆரம்பிக்கும், ஈரோடும் 638. 2009-ல திருப்பூர் மாவட்டம் பிரிச்சப்ப இந்த ஊரெல்லாம் ஈரோட்டுல இருந்து திருப்பூருக்கு வந்துருச்சு, பின்கோடு அப்படியே நின்னுருச்சு. அதே மாதிரி பொள்ளாச்சியும் உடுமலையும் 642, ஆனா பொள்ளாச்சி கோவை மாவட்டம், உடுமலை திருப்பூர். அதனால நீங்க காங்கயத்துல உக்காந்து பின்கோடு அடிச்சா மாவட்டம் ஈரோடுன்னு தானா வந்து நிக்கும் சில ஃபாரத்துல, மாத்தவும் விடாது. அதோட சண்டை போடாதீங்க, அந்த ஆர்டர் எந்த டீமுக்குப் போகணும்ங்கறதே அந்த டேபிளை வெச்சுத்தான். தானா வந்ததை அப்படியே விட்டுட்டு லேண்ட்மார்க் கட்டத்துல தாலுகா பேரையும் பக்கத்துப் பெரிய ஊர் பேரையும் எழுதி விடுங்க, போன் வர்றப்ப வாயாலயும் சொல்லுங்க.

ஊர் பேரைத் தேடறது ஒரு கலை

முழுப் பேரும் அடிக்காதீங்க. மொதல் நாலு எழுத்து அடிச்சுட்டு நிறுத்துங்க, லிஸ்ட் வரட்டும். நம்ம பக்கத்துல பாதி ஊரு பாளையம், மீதி ஊரு புதூர், அந்தப் பாளையத்துக்கு இங்கிலீஷ்ல எத்தனை ஏ, நடுவுல ஐ உண்டா இல்லையா, புதூருக்கு டி போதுமா டி-ஹெச் வேணுமா, இதுக்கெல்லாம் விதியே கிடையாது. 2020-ல கவர்மெண்டே ஆயிரத்துச் சொச்சம் ஊருக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு மாத்தி ஆர்டர் போட்டுச்சு, கோயமுத்தூர் ஸ்பெல்லிங்கைப் பார்த்து ஊரே சிரிச்சுது, சில நாள்லயே வாபஸ் வாங்கிட்டாங்க. கவர்மெண்டுக்கே அந்தக் கதின்னா சர்வே எடுக்க வந்த பையன் என்ன பண்ணுவான்.

இனிஷியல் வெச்ச பேரை விரிச்சும் தேடிப் பாருங்க, விரிச்ச பேரை சுருக்கியும் பாருங்க. டி.பி. ரோடுன்னு வரலைன்னா திவான் பகதூர் ரோடுன்னு போடுங்க. ஆர்.எஸ்.புரத்துல நடுவுல புள்ளி இருக்கா, இடம் விட்டிருக்கா, எல்லாமே சேர்ந்திருக்கா, மூணையும் முயற்சி பண்ணுங்க. கோவை ராமநாதபுரத்துல இருக்கறவங்க லிஸ்ட்ல ராமநாதபுரத்தைப் பார்த்ததும் தட்டிறாதீங்க, அது கடலோரத்து மாவட்டமா இருக்கலாம், 641-ல ஆரம்பிக்குதான்னு பாருங்க. வீரபாண்டிக்காரங்களும் அப்படித்தான், திருப்பூர்ல ஒண்ணு, பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஒண்ணு, சேலத்துப் பக்கம் ஒண்ணு.

மேப்புல புள்ளி வெக்கச் சொன்னா வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு வெய்ங்க, ஆபீஸ்ல உக்காந்துட்டு ஞாபகத்துல வெக்காதீங்க. சேட்டிலைட் வியூ போட்டு நம்ம கூரை மேலயே புள்ளியை இழுத்து விடுங்க. ரோட்டு மேல விட்டா எதிர்வரிசை பாக்ஸுக்குப் போயிரும், எதிர்வரிசை பாக்ஸ் ஃபுல்லா இருந்தா "இல்லை"ன்னு வந்துரும்.

2025 மே மாசத்துல போஸ்ட்டல் டிபார்ட்மெண்ட் "டிஜிபின்" (DIGIPIN) அப்படின்னு ஒண்ணு விட்டிருக்காங்க, அதையும் எடுத்து வெச்சுக்கங்க. ஏறக்குறைய நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டத்துக்கு ஒண்ணுன்னு எழுத்தும் எண்ணும் கலந்து பத்து இடம் வர்ற கோடு, நாடு பூராவும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒண்ணு இருக்குது, உங்க வீட்டு வாசலுக்கும் இருக்குது, இலவசம். பிராட்பேண்ட் ஃபாரம்ல அதுக்குன்னு கட்டம் இருக்காது, ஆனா லேண்ட்மார்க்ல போட்டு விடலாம், இல்லாட்டி லைன்மேனுக்கு அனுப்பலாம். கூகுள் மேப்ல வர்ற பிளஸ் கோடும் அதே வேலையைச் செய்யும்.

இதெல்லாம் பண்ணியும் "இல்லை"ன்னு வந்தா: வெளிய போய் கம்பத்தைப் பாருங்க

இதுதான் எல்லாத்துலயும் முக்கியம், இதைத்தான் யாரும் செய்யறதில்ல. வீதியில ரெண்டு பக்கமும் ஐம்பது அடி நடங்க. கம்பத்துல, இல்ல மதில் சுவத்துல, கருப்பாவோ சாம்பல் கலர்லயோ டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு டப்பா இருக்கும், அதுல இருந்து மெல்லிசா ஒயர் வீடு வீடா ஓடும். டப்பா மூடியில ஸ்டிக்கரோ மார்க்கர் எழுத்தோ இருக்கும், ஒரு எண்ணும் எழுத்தும் கலந்த கோடு. அதை போட்டோ எடுங்க. அந்தக் கோடுதான் கம்பெனிக்காரங்க டேபிள்ல ஆணிவேரு. "எங்க வீதிக்கு எல்லாம் வந்திருக்குதுங்க"ன்னு நூறு தாட்டி சொல்றதும் ஒண்ணு, "இந்த நம்பர் பாக்ஸ் என் வீட்டுல இருந்து இருபது மீட்டர்ல இருக்குது"ன்னு போட்டோ அனுப்பறதும் ஒண்ணு இல்லைங்க.

கைய மட்டும் வெக்காதீங்க. டப்பாவைத் திறக்கறது லைன்மேன் வேலை, உள்ள இருக்கறது கண்ணாடி இழை, ஒரு இழுப்புக்கு நாலு வீட்டு நெட்டு போயிரும். ஈபி கம்பம்னா கிட்டயே போகாதீங்க.

எங்க லேஅவுட்டுல கடைசியா நடந்தது இதுதான். அந்தக் கம்பெனி ஆப்புல ரெண்டு வாரமா "சர்வீஸ் இல்லை". எதிர் வீட்டு அக்கா வீட்டுக்கு ரிப்பேருக்கு அதே கம்பெனி லைன்மேன் வந்திருந்தாரு, நாப்பது வயசு இருக்கும், நான் போய் ஒரு டீ வாங்கிக் குடுத்து "ஒருக்கா அந்த பாக்ஸைத் தொறந்து காட்டறீங்களாண்ணா"ன்னு கேட்டேன். ஏணியைச் சாத்தி மூடியைத் தொறந்தாரு. உள்ள எட்டு ஓட்டை, ஆறுல பச்சைத் தலை வெச்ச பின் சொருகியிருந்துச்சு, ரெண்டுல தூசி மூடி போட்டபடி புத்தம்புதுசா. ஒரு ஓட்டையில, உள்ள வர்ற வெளிச்சத்தை டிபி கணக்குல அளக்கற சின்ன மீட்டர் ஒண்ணை வெச்சுப் பார்த்துட்டு, "மைனஸ் பத்தொம்பது வருதுங்க, நல்ல பவர்"ன்னாரு. மைனஸ் இருபத்தேழு இருபத்தெட்டு வரைக்கும் மோடம் தாங்கும், அதுக்குக் கீழ போனாத்தான் கஷ்டம். "அப்பறம் எதுக்குண்ணா இல்லைங்கறாங்க?" அவர் தன்னோட போன்ல ஆப்பைத் தொறந்து அந்த பாக்ஸ் நம்பரைப் போட்டுக் காட்டுனாரு, அதுக்குக் கீழ சைட் நம்பர் ஒண்ணுல இருந்து இருபத்தி ரெண்டு வரைக்கும் வரிசையா இருக்குது. எங்க வீடு இருபத்தி ஏழு. "அன்னைக்கு இருபத்தி ரெண்டு வரைக்கும்தான் செவுரு எந்திரிச்சிருந்துச்சு போலங்க"ன்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சாரு. அவ்வளவுதான் விஷயம்.

வரியைச் சேர்க்க வெக்கறது

கஸ்டமர் கேர்ல போன் எடுக்கற பிள்ளைங்களுக்கு இந்த டேபிளைப் பார்க்கத்தான் முடியும், மாத்த முடியாது. அவங்ககிட்ட கத்தி பிரயோஜனம் இல்ல. நீங்க கேக்க வேண்டியது ஒண்ணுதான்: "ஃபீல்டு ஃபீசிபிலிட்டி ரிக்வெஸ்ட் போட்டு நம்பர் குடுங்க." சர்வேக்கு ஆள் அனுப்பறதுக்குப் பேரு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனா ஃபீசிபிலிட்டின்னு சொன்னா எல்லாருக்கும் புரியும். நம்பர் வாங்காம போனை வெக்காதீங்க.

அதோட லோக்கல்ல இருக்கற சேல்ஸ் ஆளையோ ஷோரூமையோ பிடிங்க. அவிய டார்கெட்டுக்கு உங்க கனெக்‌ஷன் வேணும், அதனால உள்ள தள்ளுவாங்க. அவருக்கு வாட்ஸப்புல ஒரே மெசேஜா அனுப்ப வேண்டியது: நீங்க முடிவு பண்ணின அட்ரஸ் வரி, வாசல்ல நின்னு எடுத்த லொக்கேஷன், பாக்ஸ் நம்பர் போட்டோ, வீட்டு முகப்பு போட்டோ, ஏற்கனவே அதே பாக்ஸுல கனெக்‌ஷன் இருக்கற பக்கத்து வீட்டு கதவு எண். கடைசியில சொன்னது ரொம்ப உதவும், ஏன்னா அந்த வரியைத் தேடி எடுத்து அதுக்குக் கீழ உங்களுதைச் சேர்க்கறது சுலபம். ஆனா கதவு எண் மட்டும் குடுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க போன் நம்பரையோ அக்கவுண்ட் நம்பரையோ அள்ளிக் குடுத்துறாதீங்க.

எனக்கு லைன்மேனே தன்னோட சூப்பர்வைசருக்கு போட்டோ அனுப்பிட்டாரு, மூணாம் நாள் ஆப்புல பச்சை டிக் வந்துருச்சு.

இடையில சும்மா இருக்க முடியாம ஆப்புல தினமும் புதுசு புதுசா ரிக்வெஸ்ட் போடாதீங்க. ஒரே மொபைல் நம்பர்ல பழைய ரிக்வெஸ்ட் ஒண்ணு பாதியில நின்னிருந்தா புது ஆர்டரே ஏறாம முட்டும், என் கொழுந்தியாளுக்கு அப்படித்தான் ஆச்சு. மொதல்ல பழசை கேன்சல் பண்ணச் சொல்லுங்க.

"இந்த அட்ரஸ்ல ஏற்கனவே கனெக்‌ஷன் இருக்குதுங்க"

வாடகை வீட்டுக்காரங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. முன்னாடி குடியிருந்தவர் கனெக்‌ஷனை முறைப்படி குளோஸ் பண்ணாம, மோடத்தையும் தூக்கிட்டுப் போயிருப்பாரு, டேபிள்ல அந்த வரி இன்னும் உயிரோட இருக்குது. ஓனர்கிட்ட சொல்லி அவர் நம்பரை வாங்கி அவரையே குளோஸ் பண்ணச் சொல்றதுதான் சீக்கிரம். ஆள் கிடைக்கலைன்னா உங்க வாடகை அக்ரிமெண்ட், ஈபி பில்லு, ஓனர் ஒரு வெள்ளைத்தாள்ல "இன்ன தேதியில இருந்து இவிய குடியிருக்காங்க"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது, மூணையும் குடுத்து பழைய வரியை முடிக்கச் சொல்லுங்க. அவர் பாக்கி வெச்சிருந்தா அதை நீங்க கட்டணும்னு யாராவது சொன்னா கட்டாதீங்க, கடன் ஆளோடது, வீட்டோடது இல்ல.

திருப்பூர்ல, பீளமேட்டுப் பக்கத்துல லைன் வீட்டுல இருக்கறவங்களுக்கு இதே பதில் வேற காரணத்துக்கு வரும். ஒரே கதவு எண்ல எட்டு வீடு, மொதல் வீட்டுக்காரர் போட்டுட்டா மீதி ஏழு பேருக்கும் "ஏற்கனவே இருக்குது". அங்க கதவு எண்ணோட "அஞ்சாவது போர்ஷன்", "மாடி, பின்பக்கம்"னு சேர்த்துப் புது வரியா ஏத்தச் சொல்லோணும், தனி ஈபி சர்வீஸ் நம்பரைக் காட்டுனா ஒத்துக்குவாங்க. அபார்ட்மெண்ட்காரங்களுக்கு எழுத ஒண்ணும் பெருசா இல்ல, பில்டர் வெச்ச பழைய பேர்ல தேடுங்க, இல்லாட்டி அசோசியேஷன் செக்ரட்டரியைக் கேளுங்க.

ஆதார் அட்ரஸ் வேற, கனெக்‌ஷன் போடற அட்ரஸ் வேற. கேஒய்சி பண்றப்ப ஆதார்ல இருக்கற சொந்த ஊரு அட்ரஸ் தானா வந்து உக்காரும், அதுக்குக் கீழ "இன்ஸ்டலேஷன் அட்ரஸும் இதுவே"ன்னு ஒரு டிக் இருந்தா எடுத்து விட்டுருங்க. பனியன் கம்பெனி வேலைக்கு வெளியூர்ல இருந்து வந்த ஒரு தம்பி அந்த டிக்கை விட்டுட்டான், திருப்பூர்ல ஆர்டர் போட்டுட்டு சொந்த ஊர்ல அவங்கப்பாவுக்கு போன் போயிருக்குது, அவர் "நாங்க யாரும் நெட்டு கேக்கலீங்களே"ன்னு கேன்சல் பண்ணி விட்டுட்டாரு.

தோட்டத்துச் சாளைக்காரங்களுக்கு

ஊருக்குள்ள இருக்கறவங்க பாடு தேவலாம். காங்கயத்துப் பக்கம் எங்க மாமா தோட்டத்துல இருக்காரு, ரோட்டுல இருந்து இட்டேரிக்குள்ள அரைக் கிலோமீட்டர். வீதி பேரு கிடையாது, கதவு எண்ணை யாரும் எழுதி ஒட்டுனதும் கிடையாது, "மேக்காலத் தோட்டம்"னு சொன்னா சுத்துப்பட்டுல எல்லாருக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஃபாரம்ல வீதி கட்டத்தைக் காலியா விடவும் விடாது. அங்க பஞ்சாயத்து வீட்டு வரி ரசீதுல இருக்கற எண்ணைக் கதவு எண்ணாவும், தோட்டத்துப் பேரை வீதியாவும், ரெவின்யூ கிராமத்துப் பேரை ஊராவும் போடுங்க. மேப்புல புள்ளி வெக்கறது இவிகளுக்குத்தான் உயிர்நாடி.

தூரம்னு சொல்லி தட்டிக் கழிச்சா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. ஃபைபர்ல ஒரு கிலோமீட்டருக்கு அரை டிபி கூட நஷ்டம் ஆகாது, ஓஎல்டில இருந்து இருபது கிலோமீட்டர் வரைக்கும் போற சங்கதி அது. பிரச்சனை சிக்னல் இல்ல, ஒயரைத் தாங்கறதுக்குக் கம்பமும், ஒயர் காசும்தான். அதனால "எச்சா ஒயருக்கு எவ்வளவு, கம்பம் நாங்களே நட்டா வருவீங்களா"ன்னு நேரா கேளுங்க. பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் அரசாங்க ஃபைபர் வந்திருக்குதே, டான்ஃபினெட்னு தமிழ்நாட்டுல 12,525 பஞ்சாயத்துக்கும் இழுக்கற திட்டம்தானே, நம்ம வீட்டுக்கு ஏன் வரலைன்னு மாமா கேட்டாரு. அது பஞ்சாயத்து வரைக்கும் வர்றது மாமா, அங்க இருந்து வீட்டுக்கு இழுக்க இன்னொருத்தர் வேணும்னு விளக்கிச் சொல்ல ஒரு சாயங்காலம் ஆச்சு.

அந்த இன்னொருத்தர் பெரும்பாலும் நம்ம கேபிள்காரர்தான். பிஎஸ்என்எல் ஃபைபரே நிறைய ஊர்ல இந்த மாதிரி லோக்கல் பார்ட்னர் மூலமாத்தான் வருது. கேபிள்காரருக்கு டேபிளும் தேவையில்ல மேப்பும் தேவையில்ல, "மேக்காலத் தோட்டமா, ராசுக்கவுண்டர் சாளைக்கு அடுத்ததுதானே"ன்னு நேரா வந்து நிப்பாரு. ஆனா கனெக்‌ஷன் உங்க பேர்ல ஏறுதா, மாசா மாசம் பில்லு வருதா, லாகின் ஐடி உங்க கையில இருக்குதா, இந்த மூணையும் மொத நாளே கேட்டுருங்க. ஒண்ணுமே ஆகலைன்னா 5ஜி ஏர்ஃபைபர் இருக்குது, மொட்டை மாடியில டப்பா வெச்சு காத்துலயே இழுக்கறது, டவர் கண்ணுக்குத் தெரியற இடம்னா நல்லாவே ஓடும். அதுக்கும் அட்ரஸ் செக் உண்டு, தப்பிச்சீங்கன்னு நினைக்காதீங்க.

ஒரு குறுக்கு வழி இருக்குது, போகாதீங்க

சில சேல்ஸ் பசங்க, "பக்கத்து வீட்டு அட்ரஸ்ல புக் பண்ணிக்கலாங்ணா, வந்து உங்க வீட்டுல போட்டுக்கறோம்"பாங்க. அன்னைக்கு நெட்டு வந்துரும், நெசம்தான். ஆறு மாசம் கழிச்சு ரிப்பேர்னு சொன்னா ஆள் பக்கத்து வீட்டுக்குப் போவான், பூட்டியிருந்தா "கஸ்டமர் இல்லை"ன்னு கம்ப்ளைண்டை மூடிருவான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நெட்டு போடப் போனா அவருக்கு "ஏற்கனவே இருக்குது"ன்னு வரும், அதுக்கப்பறம் அவர் நம்மளைப் பார்க்கற பார்வையே வேற. பில்லை அட்ரஸ் ப்ரூஃபா எங்கயும் காட்ட முடியாது. நாலு நாள் பொறுத்து சொந்த வரியையே சேர்த்துக்குங்க.

காசு கட்டியாச்சு, ஆளே வரல, திருப்பியும் தரமாட்டேங்கறாங்கன்னா, மொதல்ல கம்ப்ளைண்ட் பதிஞ்சு டாக்கெட் நம்பர் வாங்குங்க. அதுல நியாயம் கிடைக்கலைன்னா அதே கம்பெனியில அப்பீல் அதாரிட்டின்னு ஒருத்தர் இருக்கோணும், அது டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) போட்ட விதி. முப்பது நாளைக்குள்ள அப்பீல் போடணும், முப்பத்தொம்பது நாளைக்குள்ள அவங்க முடிவு சொல்லோணும். கூடவே 1915-க்குப் போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். எல்லாத்துக்கும் அந்த டாக்கெட் நம்பரும் தேதியும் வேணும், அதனால எழுதி வெய்ங்க.

நெட்டு வந்த அன்னைக்கு

ஸ்பீடு டெஸ்ட்டை அப்பறம் பாருங்க. லைன்மேன் இருக்கும்போதே ஆப்பைத் தொறந்து உங்க பேருக்குக் கீழ எந்த அட்ரஸ் இருக்குதுன்னு பாருங்க, தப்புன்னா அவர் கிளம்பறதுக்கு முன்னாடியே மாத்தச் சொல்லுங்க. மோடம் அடியில இருக்கற சீரியல் நம்பர் ஸ்டிக்கரை ஒரு போட்டோ, எந்த பாக்ஸ் எந்த போர்ட்டுன்னு கேட்டு அதையும் குறிச்சு வெய்ங்க. மோடத்துல சிவப்பு லைட் எரிஞ்சா ஃபைபர் எங்கியோ அந்து போச்சுன்னு அர்த்தம், அன்னைக்கு இந்த பாக்ஸ் நம்பரைச் சொன்னீங்கன்னா நேரா வந்து நிப்பாங்க.

மாமாவுக்குக் கடைசியில கேபிள்காரர் மூலமாத்தான் வந்துச்சு, ஏழு கம்பம் அவரே நட்டுக் குடுத்தாரு. நான் எடுத்துக் குடுத்த டிஜிபின் பத்து எழுத்தையும் கேட் பக்கத்துச் சுவத்துல, தோட்டத்துப் பேருக்குக் கீழ, பெயிண்டரை வெச்சு செகப்பு கலர்ல எழுதிட்டாரு. உரக்கடை வண்டிக்காரன் வந்து நின்னு பார்த்துட்டு, "ஏனுங்க மாமா, வண்டி நம்பரை எதுக்கு செவுத்துல எழுதி வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டானாம்.